சங்கதியின் அட்டைப்படம்

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மகளின் பள்ளி அடையாள அட்டையை லேமினேட் செய்ய வேண்டியிருந்தது. மெஷின் சூடானதும் பிளாஸ்டிக் இளகுகிற அந்த வாசனை வந்தது. உங்களுக்கு அது வெறும் கடை வாசனை. எனக்கு அப்படி இல்லை. கடையில் இருந்த பெண், “சார், ஓரத்த ரவுண்டா வெட்டட்டா?” என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள். மூன்றாவது முறைதான் என் காதில் விழுந்தது.

அந்த வாசனையை முதன்முதலில் நின்று முகர்ந்தது கல்லூரியின் கடைசி வருஷத்தில். எங்கள் இதழின் மூன்று பிரதிகளுக்கு அட்டை லேமினேட் ஆகிக்கொண்டிருந்தது. மெஷினின் ஒரு பக்கம் உள்ளே போன அட்டை மறுபக்கம் பளபளவென்று வந்துகொண்டிருக்க, “இதோடு முடிந்தது, இனி மாற்ற முடியாது” என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்ற முடியாது என்பது ஓர் ஆறுதலா என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடலூரில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தேன். வீட்டில் அதை ‘போட்டோ படிப்பு’ என்பார்கள். கடைசி வருஷம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு முழு இதழைத் தயாரிக்க வேண்டும். எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாம் நாங்களே. யாருக்கு என்ன பொருள் என்று துறைத் தலைவர் சீட்டு குலுக்கிப் போட்டார். பக்கத்து பெஞ்சுக்கு சினிமா வந்தது. அடுத்தவனுக்கு சாப்பாடு. நான் பிரித்த சீட்டில் கர்நாடக இசை என்று இருந்தது.

என் ஜோடி ரஃபி. நெல்லிக்குப்பத்துக்காரன், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவதில் சூரன். சீட்டைப் பார்த்துவிட்டு, “மச்சான், சாப்பாடு வந்திருந்தா நாலு நாள் பிரியாணி துன்னுருக்கலாம்டா” என்றான். என் நிலைமை அவனைவிட மோசம். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் தெருவில் பாட்டு என்றால் மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற ஒலிபெருக்கிதான். விஷயத்தைச் சொன்னதும் அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “பாட்டுப் புத்தகமா? அதுல நீ இன்னா பண்ணுவ?” என்றார். நியாயமான கேள்வி. பதில் தெரியாமலே நானும் ரஃபியும் இதழுக்குப் பெயர் வைத்துவிட்டோம். ‘சங்கதி.’ பாட்டில் ஒரே வரியை விதவிதமாகப் பாடுவதற்கு அந்தப் பெயர் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்குத் தெரிந்த இசை அவ்வளவுதான்.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்தோம். ஒரு மிருதங்கக்காரரிடம், “சார், கொஞ்சம் சிரிச்சிக்கிட்டே வாசிங்க” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ரஃபிதான் சுகந்தியைக் கண்டுபிடித்தான். பள்ளியில் அவனோடு படித்தவள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். சிதம்பரத்தில் தங்கி வாய்ப்பாட்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பரம்பரையாகக் கரும்பு போட்ட குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.எட். சேர்த்துவிடு என்று நெருக்கியபோது, மகள் பாட்டுத்தான் படிப்பாள் என்று ஒற்றை ஆளாக நின்றவர் அவர். இதை அவள் பெருமையாகச் சொன்னாள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், நல்ல பெட்டிச் செய்தியாகும் என்று.

கீழவீதியில் ஒரு சின்ன மண்டபத்தில் அவளுடைய முதல் தனிக் கச்சேரி. சாயங்காலம். நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவள் அப்பாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை. துறையில் இருந்த ஒரே நல்ல கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மேடைக்குக் கீழே முழங்காலிட்டிருந்தேன். ஷட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னை முறைத்தார். நடுவில் ஒரு நீண்ட ராகம். அவள் மேலே மேலே போனாள். கண்கள் மூடின. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்திருந்தது, ஒரு கை மேலே எழுந்து பாதியில் நின்றது, இடது கண்ணோரம் ஒரு சொட்டு நீர். பக்கவாட்டிலிருந்து வந்த விளக்கு அந்தச் சொட்டில் சரியாகப் பட்டது. அழுத்தினேன்.

மறுநாள் அந்தப் படம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்தபோது ரஃபி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “மச்சான், இதான்டா அட்டை. வேற பேச்சே கெடையாது.” நான் அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: ‘தன்னை மறந்த கணம்.’ எழுதிவிட்டு அதை நானே நாலு தடவை படித்து ரசித்தேன்.

ராகங்களின் பெயரில் பிழை இருந்தால் திருத்தட்டும் என்று, அட்டையோடு சேர்த்துப் பக்கங்களின் நகலை சுகந்திக்குக் கொடுத்தனுப்பினோம். இதழை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது அது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று காலையே ரஃபியின் போனுக்குச் செய்தி வந்தது. ‘படம் எடுத்தவரை உடனே வரச் சொல்லு.’ பாராட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். சலவைச் சட்டை வேறு.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் காத்திருந்தாள். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பேசியபோது குரலே இல்லை, வெறும் காற்று. பஸ்களின் இரைச்சலில் நான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

“இது தன்னை மறந்த கணம் இல்லீங்க. மேல் பஞ்சமம் புடிக்கப் போனேன். சத்தமே வரல. காத்துதான் வந்துச்சு. வயலின் சார் சட்டுனு அந்த எடத்த வாங்கி வாசிச்சு மறைச்சிட்டாரு. அதனால பாதிப் பேருக்குத் தெரியல.”

எனக்கும்தான் தெரியவில்லை. மூன்றடி தூரத்தில் இருந்தேன். 

“பாண்டிச்சேரில காட்டினேன். குரல் நாண்ல ரெண்டு கட்டி, மொளகு சைசுக்கு. பாடவே கூடாதுன்னுட்டாங்க. பேசக்கூட கூடாது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. கச்சேரி நல்லா இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நானே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன். இந்தப் படம் மட்டும் வேணாம். வேற எத வேணும்னாலும் போடுங்க.”

“கண்டிப்பா மாத்திடறேன்” என்றேன். அவள் முகம் இளகியது. பேசக்கூடாது என்பது நினைவு வந்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டு, கையை அசைத்துவிட்டுப் போனாள்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவைப்படும். கரண்ட் போய்விட்டது, லேப் பூட்டிவிட்டார்கள், அச்சுக்குப் போய்விட்டது என்று வெவ்வேறு பேரிடம் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நேரம் தாராளமாக இருந்தது. நான் சொன்ன உடனே ரஃபி படத்தை மாற்றினான். அவள் தம்புராவில் காதை வைத்துச் சுருதி சேர்க்கிற படம். தப்பில்லாத படம். ஆனால் அதைப் பார்த்தால் யாரும் நாற்காலியிலிருந்து எழ மாட்டார்கள். ஒரு மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பேச்சு. எனக்கு முதல் மதிப்பெண் வேண்டியிருந்தது.

“பழசையே போடு” என்றேன்.

ரஃபி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். “அவகிட்ட மாத்தறேன்னு சொன்னியேடா?”

“மூணே காப்பிடா. வைவாவுல மூணு பேர் பாப்பாங்க. அவளுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல மச்சான்.” எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டான். நானே உட்கார்ந்து பழைய படத்தை ஏற்றினேன். அதன் பிறகுதான் அந்த லேமினேஷன் வாசனை.

தேர்வாளர் அட்டையைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. “இதப் பாத்தா பாட்டே காதுல கேக்குதுப்பா” என்றார். ரஃபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் மதிப்பெண் வந்தது. அதோடு நிற்கவில்லை. கல்லூரிக் கண்காட்சிக்கு அந்த அட்டையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலிலேயே வைக்கப்போவதாகத் துறைத் தலைவர் அறிவித்தார். வேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை அவர் அறை வரை போனேன். என்னைக் கண்டதும் தோளில் தட்டிக்கொடுத்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன்.

கண்காட்சி அன்று காலை வாசலை விட்டு நகராமல் நின்றேன். அவள் எங்கே வரப்போகிறாள் என்று ஒரு மனது சொல்லும். மெயின் ரோட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் இன்னொரு மனது எகிறும். பதினோரு மணி இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஒருவர் கேட்டைத் தாண்டி வேகமாக வந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காத கண்கள். அவருக்குப் பின்னால் சுகந்தி. ஷிஃப்டில் கூட வேலை செய்கிறவரின் மகன் எங்கள் கல்லூரியில் முதல் வருஷமாம். அவன் போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். எதற்காக வருகிறோம் என்று மகளிடம் சொல்லாமலே கூட்டி வந்திருந்தார், ஆச்சரியப்படுத்துவதற்காக.

அவர் படத்துக்கு முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“நீங்கதான் எடுத்தீங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“அன்னிக்கு என்னால வர முடியல. ரெண்டு மாசமா அதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப பாத்துட்டேன்.” மகளிடம் திரும்பினார். “இவ்ளோ உருகிப் பாடினியாம்மா?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, மெல்ல, “ஆமாப்பா” என்றாள். 

“தொண்ட கட்டிக்கிச்சு, அதான் குரல் இப்டி” என்று அவர் எனக்கு விளக்கினார். அப்புறம், “எங்க ரெண்டு பேரையும் இது பக்கத்துல நிக்க வச்சு ஒண்ணு எடுங்களேன்” என்றார். எடுத்தேன். வியூஃபைண்டரில் மூன்று முகங்கள். சிரிக்கிற அப்பா, படத்தில் உடைந்துகொண்டிருக்கிற சுகந்தி, லென்ஸுக்குள் நேராக என்னைப் பார்க்கிற சுகந்தி. படம் ஆடிப்போயிருக்கும், நான் சரிபார்க்கவில்லை.

அவர் தண்ணீர் குடிக்கப் போன ஒரு நிமிஷத்தில் அவள் பக்கத்தில் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். 

“இந்த வாரம் அப்பாகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். இப்ப எப்படிச் சொல்றது?”

அவ்வளவுதான் கேட்டாள். அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடினேன். சாலையைக் கடந்து அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றேன். “ஐயா, அந்தப் படம்…” என்று தொடங்கினேன். “கண்காட்சி முடிஞ்சதும் எனக்குக் குடுப்பாங்களா தம்பி? வீட்ல மாட்டணும்” என்றார். “கேட்டு வாங்கித் தரேங்க” என்றேன். வாங்கியும் கொடுத்தேன். அந்த ஆள் உயரப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் நின்றுகொண்டே அவர் எடுத்துப்போனதாக ரஃபி சொன்னான்.

மிச்சத்தையும் ரஃபிதான் சொன்னான். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, திருவந்திபுரம் கோயில் விழாவில் மகளுக்கு ஒரு கச்சேரிக்கு அவர் பேசி முடித்துவிட்டாராம். அழைக்க வந்தவர்கள் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தனியாக அப்பாவிடம் சொல்ல நினைத்ததை நாலு அந்நியர் நடுவில் சொன்னாள். அவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு அவரே லீவு போட்டுப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்துவைத்தார். பேச்சுக் குரல் திரும்பி வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை.

ரஃபி இப்போது ஷார்ஜாவில் பிஸ்கட் உறைகளுக்கு வடிவம் போடுகிறான். எங்கள் படிப்பையே அந்தக் கல்லூரி நிறுத்திவிட்டது. கீழவீதி மண்டபம் இருந்த இடத்தில் செல்போன் கடை. என்னிடம் இருந்த ‘சங்கதி’ ஒரு மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரோடு போயிற்று.

போன வருஷம் ரஃபியிடம் எண் வாங்கி சுகந்தியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். கரகரத்த, நிதானமான குரல். மன்னிப்புக் கேட்டேன். “ரொம்ப நாள் ஆயிடுச்சுங்க” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

“அன்னிக்கு மொத பாட்டு நல்லா வந்துச்சு. அது எனக்கே தெரியும். அதுக்கப்புறம் அந்த மாதிரி வரவே இல்ல. நீங்க கேமராவுல வீடியோ ஏதாவது எடுத்தீங்களா?”

எடுத்திருந்தேன். முதல் பாட்டு முழுவதையும். மெமரி கார்டில் இடம் போதவில்லை என்று மேடைக்குக் கீழேயே அதை அழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு படம் எடுத்தேன். 

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எடுத்தேன். எடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்” என்றேன்.

“நீங்க கேட்டீங்கல்ல? எப்படி இருந்துச்சு?” என்றாள்.

அந்தப் பாட்டு நடந்த நேரம் முழுவதும் நான் படத்துக்கான வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.