டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் அது இரண்டானது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். பதினொரு வயதில், பள்ளி விட்டு வந்தால் ஒன்பதாவது மாடியில் நானும் அண்ணனின் கம்ப்யூட்டரும்தான்.

தினமும் ஏழு மணிக்கு அண்ணன் போன் செய்வான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டான். "ரெண்டாவது டிஸ்க் பத்திரமா?" கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், அவனுடைய போட்டோ, பாட்டு, காலேஜ் பாடம் எல்லாம் அதில்தான் இருந்தன. பத்திரம் என்பேன். வைத்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விண்டோசைப் புதிதாகப் போட வேண்டும் என்றான் அண்ணன்.

"மொதல்ல ரெண்டாவது டிஸ்க்கோட வயர கழட்டி, அத வெளிய எடுத்து வச்சிரு. தெரியாம அதுல போட்டுட்டா எல்லாம் அழிஞ்சிரும்லா."

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினான். திரையில் வந்ததையெல்லாம் வாசிக்கச் சொன்னான். எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டேன். புரியாமல் அல்ல.

கழற்றிய டிஸ்க்கைச் சாமி மேடையில் என் புத்தகங்களோடு வைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பூசையில் அம்மா புத்தகங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

பூசை முடிந்து மாட்டினேன். நன்றாகவே ஓடியது. அண்ணனின் பேச்சு பழையபடி அரை நிமிடமானது. அவன் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா பொட்டு வச்சிட்டாங்கண்ணே. டிஸ்க் ஓடல."

"அதுக்கு ஏன் அழுவுற? சரி, நான் வரேன்."

சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு, பெர்ரி ஏறி எங்கள் தீவில் வந்து இறங்கியவன், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தான். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் வயரை மாட்டினான்.

"இதுல உள்ளத எல்லாம் போறப்பவே காப்பி எடுத்துட்டுப் போய்ட்டேன்லா, பாப்பா. வா, மீ கோரெங் சாப்பிடலாம்."

எனக்கு வந்ததே கோபம். போனால் போகட்டும் என்கிற டிஸ்க்குக்கா இத்தனை நாள் காவல் இருந்தேன் என்று அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. ஞாயிறு மதியம் அவன் போய்விட்டான்.

டிஸ்க்கின் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் எதைப் பத்திரமா என்று விசாரித்தான், எதைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.