சைலன்சரின் டிராக்டர்

ஊரில் அவளுக்குச் சைலன்சர் என்று பெயர். வாயை மூடத் தெரியாதவளுக்கு அப்படிப் பெயர் வைத்தவன் சரியான குசும்புக்காரன். கூப்பிட்டால் முறைப்பாள், ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா விட்டுப்போன பழைய டிராக்டர்தான் அவள் பிழைப்பு. வாடகைக்கு உழுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த சீட்டில் அவளைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது அந்தக் கிழ எஞ்சின் இறுகிய மண்ணில் கலப்பையை இறக்கினாலே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. உழவுக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டியைத் தேடிப் போனார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் புருஷனின் லாரி நின்றது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் துருப்பிடித்து, ஓட லாயக்கில்லை என்று ஒதுக்கிய வண்டி. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. லாரி நின்றதிலிருந்து அவனும் வீட்டில்தான். சும்மா இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சும்மா இருப்பவனின் மூஞ்சியைத் தினமும் யார் பார்ப்பது? தன் டிராக்டருக்கு அந்த எஞ்சினைக் கேட்டபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். பிறகு ஒருநாள், "எடுத்துத் தொலை" என்றான்.

அவளுடைய அண்ணன் லாரி மெக்கானிக். செயின் போட்டு எஞ்சினைத் தூக்கியவன், "கியர்பாக்ஸோட கோத்துட்டா வேலை முடிஞ்சது" என்றான். அவள் விடவில்லை.

"லாரில எஞ்சின் சேசிஸ் மேல சொகுசா உட்கார்ந்திருக்கும். டிராக்டருக்கு ஏதுண்ணே சேசிஸ்? எஞ்சின்தான் முதுகெலும்பே. முன் அச்சு அதுலதான் தொங்குது. இத அப்படியே மாட்டுனா நடுவுல பொளந்துக்கும்."

"நீ எனக்கே சொல்லித்தரியா?"

"ஆமா."

இரண்டு பக்கமும் தாங்க இரும்பு பீம் வெட்டியது அவள். முகமூடிக்குள் வியர்வை வழிய வழிய வெல்டு வைத்தது அவள். எஞ்சின் நீளம் கூடிப்போனதால் ரேடியேட்டரை முன்னால் தள்ளி, மூட மறுத்த பானெட்டைக் கழற்றி எறிந்ததும் அவள்தான். புருஷன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பார்த்துடி, கீறல் விழுந்துடப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எஞ்சினைச் சொன்னான், அவள் கையை அல்ல.

வேலை முடிந்து வண்டி வயலுக்கு வந்தது. அண்ணன் சாவியைப் புருஷனிடம் நீட்டினான்.

"லாரி எஞ்சினுக்கு லாரிக்காரர்தான் சரி. ஏறுங்க மாப்பிள்ளை. கிளட்ச் வேற கனம், இவளால ஆகாது."

சைலன்சருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. அவ்வளவு கோபம். அதற்குள் அவன் ஏறிவிட்டான்.

சரி, தடுமாறுவான், வண்டி நின்றுபோகும், நாலு பேர் சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். எங்கே! கலப்பை இறங்கியது, எஞ்சின் உறுமிக்கொண்டு இழுத்தது, சால் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. வயல்காரர் கைதட்டினார். லாரி நின்ற நாளிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு புருஷன் முகத்தில் வந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் எரிச்சலை இன்னும் கிளறியது. மோசமாக ஓட்டியிருந்தால் தொல்லையில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவனை இனி யார் இறக்கப் போகிறார்கள்?

விறுவிறுவென்று வயலில் இறங்கி, அடுத்த சால் வரும் வழியில் நின்றாள். வண்டி நெருங்கியது. அவள் நகரவில்லை. அவன் பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தான்.

"என்னடி, பைத்தியமா? நல்லாத்தானே ஓட்டுறேன்!"

"நல்லாத்தான் ஓட்டுறீங்க. இறங்குங்க."

"எஞ்சின் என்னோடது."

"வண்டி என்னோடது. இறங்குங்க."

அண்ணன் வரப்பிலிருந்து ஏதோ கத்தினான். "நீ சும்மா இருண்ணே" என்றாள், திரும்பாமலே.

புருஷன் ஸ்டியரிங்கை விடவில்லை. சிரிப்பு போய்விட்டிருந்தது. குரலும் இறங்கியது.

"அப்ப நான் என்னதான்டி பண்றது?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. அதற்கும் நகரவில்லை.

"யோசிங்க. நானும் கூட உட்கார்ந்து யோசிக்கிறேன். என் சீட்டுல உட்கார்ந்துகிட்டு யோசிக்காதீங்க."

அவன் இறங்கினான். அவள் ஏறினாள். கிளட்ச் கனமாகத்தான் இருந்தது. எழுந்து நின்று மிதித்தாள்.