அரை ஹெச்பி மோட்டார்

அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த எஞ்சினியர். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். விடிந்ததும் பேப்பரைச் சுருட்டி காம்பவுண்டுச் சுவரில் தட்டித் தட்டிப் பேசுவார்.

"அரசியல்வாதி அத்தனை பேரும் திருடன் சார். ஜனங்க அதுக்கு மேல. எல்லா ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் வரட்டும், தானா நேராயிடும்."

நான் தலையாட்டிக்கொண்டே அடிபம்பை அடிப்பேன். காற்றுதான் வரும். ஏனென்றால் எல்லா வீட்டு பம்புக்கும் தண்ணீர் வரும் தெருக் குழாய் லைனிலேயே அவர் மோட்டார் மாட்டியிருந்தார். அப்படி மாட்டக்கூடாது என்று எஞ்சினியருக்குத் தெரியாதா? எல்லா வீட்டுத் தண்ணீரும் அவர் தொட்டிக்குப் போனது.

ஒருநாள் கத்திவிட்டேன். "நாட்டைத் திருத்தறது இருக்கட்டும் சார், முதல்ல உங்க மோட்டாரை நிறுத்துங்க. எங்க வீட்டுல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல!"

அவருக்குக் கோபமே வரவில்லை. சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். "நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க. அரை ஹெச்பி போதும். நானே வந்து மாட்டித் தரேன்."

மாட்டியும் தந்தார். அடுத்த வாரம், எங்களுக்கு மறுபக்கத்து வீட்டு அம்மா காலிக் குடத்தோடு வந்து வாசலில் நின்று கத்தினார்.

"அரை ஹெச்பி போதும்மா" என்றேன்.