மழை நாள்ல ரெண்டு சிக்கன் டின்

டின்ன கவுத்து அடியில ரெண்டு தட்டு தட்டுனா... "ப்ளக்"னு ஒரு சத்தம்.

டின் வடிவத்துலயே சிக்கன் தட்டுல வந்து விழும். மேல வழுவழுன்னு ஜெலி. அப்படியே பார்த்தா ஆசையே வராது. ஆனா சின்னத் துண்டா வெட்டி, வெங்காயம், கறிவேப்பில, காரத்துக்கு இடிச்ச கொச்சிக்கா போட்டு எண்ணெயில பொரிச்சா... அந்த வாசத்துக்கே ஒரு ராத்தல் பாண், அதான் முழு ப்ரெட்டு, உள்ள போயிரும்!

அம்பிட்டியவுல நாங்க மூணு பேரு ஒரே ரூம்ல போர்டிங் இருந்த காலம் அது. எனக்கு கண்டி டவுன்ல ஒரு லேப்ல முதல் வேல. ஊரு பன்வில, தேயிலத் தோட்டத்து லயம், வரிசையா ஒட்டுன ஒத்த ரூம் வீடுங்க. ஷிபானா அக்குறணைக்காரி, நர்சரி டீச்சர். தர்மினி யாழ்ப்பாணம், அரசாங்க ஆபீஸ் வேலைக்கு வந்தவ.

வேல முடிஞ்சு அந்த மேட்டுல ஏறி வந்தா சமைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. நானும் தர்மினியும் மாட்டெறச்சி சாப்பிட மாட்டோம். ஷிபானாவுக்கு ஹலாலா இருக்கணும். ஃப்ரிட்ஜும் கெடையாது. அதனால ஹலால் சீல் போட்ட சிக்கன் டின்தான் மூணு பேருக்கும் ஒத்துப்போன சாமான். சம்பளம் வந்ததும் வாங்கி அலுமாரியில அடுக்கிடுவோம். கீழ் தட்டுல உடுப்பு, மேல் தட்டுல டின்னு...

அப்பதான் அந்த மழ வந்துச்சு.

நாள் கணக்கா விடல. கரண்ட் போச்சு. போன் சிக்னலும் போச்சு. அதுக்கு முந்தி அப்பா கடைசியா பேசினப்ப, "லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு பாப்பா"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான், லைன் கட்.

வெள்ளிக்கிழம காலையில எங்க ரோட்டுக்குக் கீழயும் மண் சரிஞ்சிருச்சு. யாருக்கும் அடியில்ல. ஆனா ரெண்டு வீட்டுப் பின்சுவர் போச்சு. அந்தச் சனமெல்லாம் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு நனைஞ்சபடி எங்க வீட்டுக்கார ஆன்ட்டியோட ஹாலுக்கு வந்துட்டாங்க. ஆன்ட்டி சிங்களம். வந்த எல்லாருக்கும் துவாய் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ரோடு மூடிக் கெடந்துச்சு. கடை ஒண்ணும் தொறக்கல.

நான் ரூம் வாசல்லயே உக்காந்துட்டேன். கண்ண மூடுனா எங்க லயம்தான் தெரியுது...

ஷிபானா வந்து தோள்ல தட்டுனா. "மலர், எழும்பு. ஹால்ல புள்ளயள் பசியில ஈக்கிது."

"எனக்கு கை கால் ஓடல ஷிபானா."

"அதுக்குத்தான் சொல்றன். வந்து வெங்காயம் உரி. சும்மா ஈந்தா மண்டைக்குள்ள ஏதாச்சும் ஓடிக்கிட்டே ஈக்கும்."

அலுமாரியில மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு டின்னு. ஆன்ட்டிகிட்ட அரிசி, உருளைக்கிழங்கு, தேங்கா இருந்துச்சு. கேஸும் முடியுற கட்டம்ங்கிறதால பின்னால கொட்டில்ல வெறகு அடுப்ப மூட்டுனோம்.

தர்மினி தயங்கி நின்னா. "இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன்..." கொஞ்ச நேரம் ஹால் பக்கம் பார்த்தா. "சரி, வெட்டித் தாறன். சாப்பிடத்தான் மாட்டன். கத்தியைத் தா."

அவ வெட்டுன வெட்டு இருக்கே... ஒவ்வொரு துண்டும் கொண்டக்கடல அளவு! அப்பதானே எல்லார் தட்டுக்கும் வரும். கெழங்கும் தேங்காப் பாலும் சேர்த்து பெரிய சட்டி நெறைய குழம்பு வச்சோம். கடைசி வரைக்கும் கிண்டுனது அவதான். வாயில மட்டும் வைக்கல. அகப்பைய ஷிபானா பக்கம் நீட்டி, "உப்புக் காணுமோ, போதுமோ பார்"ன்னா.

ஹால்ல ஒரு சின்னப் பொண்ணு, நாலஞ்சு வயசிருக்கும். சிக்கன் துண்ட மட்டும் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு, சோத்த முழுக்க சாப்பிட்டு முடிச்சா. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து வாயில போட்டா, ரசிச்சு ரசிச்சு. அத பார்த்துக்கிட்டே இருந்தேன்... அன்னைக்கு முதல் வாய் சோறு எனக்கு அப்பதான் எறங்குச்சு.

அடுத்த நாள் மத்தியானம், சிக்னல் கொஞ்சம் திரும்பி வந்த தண்ணி டேங்க்கிட்ட நின்னப்ப போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"பாப்பா..."

"அப்பா! எங்கப்பா இருக்கீங்க?"

"ஸ்கூல்ல இருக்கோம். அம்மா பக்கத்துலதான். லயம் போச்சு பாப்பா... ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ சாப்டியா?"

"சாப்ட்டேம்ப்பா. டின் எறச்சி."

"டின்னுக்குள்ளயா? அதுல எறச்சி இருக்குமா?"

வீடு போன மனுசன் கேக்குற கேள்வியா இது! சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ஷிபானா "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு என்னக் கட்டிப் புடிச்சா. தர்மினி என் கண்ணத் தொடச்சுவிட்டு, "அழாத. அப்பா கதைச்சிட்டார் தானே"ன்னா. அவ கண்ண யாரு தொடைக்கிறது...

சில வருஷம் ஓடிப்போச்சு. தர்மினி மாற்றல் எடுத்து ஊருக்குப் போயிட்டா, ரெண்டு புள்ளைங்க. ஷிபானா சொந்தமா நர்சரி நடத்துறா. நான் அதே லேப்லதான், ஆனா தனியா ஒரு அனெக்ஸ். ஃப்ரிட்ஜ் நெறைய சாமான் இருக்கு. போன்ல தட்டுனா கோழி வாசலுக்கே வருது. சாப்பிடுறப்ப பேசத்தான் ஆள் இல்ல, அந்தப் போனையே பார்த்துக்கிட்டு சாப்பிடுறேன்.

ஆனா ஒரு நல்ல சேதி. இத்தன காலம் சொந்தக்காரங்க வீட்டுலயும் தகரக் கொட்டில்லயும் இருந்த அப்பா அம்மாவுக்கு, சரிவு இல்லாத எடத்துல வீடு கெடச்சிருச்சு. அடுத்த மாசம் பால் காய்ச்சுறோம். ஷிபானாவும் தர்மினியும் மொத நாளே வாறாங்களாம்.

நேத்து அம்மா போன்ல கவலப்பட்டாங்க. "அந்தப் புள்ளைங்க புள்ளகுட்டியோட வந்தா எங்க படுக்க வைக்கிறது?"

"அம்மா... இப்ப நமக்கு இன்னொரு ரூம் இருக்கும்மா"ன்னேன்.



"ஆமால்ல..."ன்னாங்க.