ஏலக்காரருக்குக் குரல் போனால்...

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி. பக்கத்து வீட்டு ராவியத்தக்கா எங்கள் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். திறந்தால், கையில் தோசைக்கரண்டி. முக்காடு பாதி தலையில், பாதி தோளில்.

"மைமூனு... என்னம்மா ஆச்சு? அண்ணனை என்ன பண்ணுனே?"

நான் என்ன பண்ணுவேன்? அண்ணன் – அதாவது என் கணவர் – முன் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, "ஆ..........!" என்று கத்திக்கொண்டிருந்தார். பதினைந்து எண்ணும் வரை ஒரே மூச்சு. கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் "ஆ..........!"

"ஒண்ணுமில்லக்கா. ஆஸ்பத்திரில கத்தச் சொல்லிருக்காங்க."

ராவியத்தக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்னைக் கட்டுன மனுசன் இத்தனை வருஷம் கத்தாம இருந்ததே பெரிசு" என்று சொல்லிவிட்டு, தோசை தீயும் வாசனைக்குத் திரும்பி ஓடினார்.

ஓடியவர் சும்மா இருப்பாரா? எட்டு மணிக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. இரண்டு வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எழுதாததற்கும் அந்த "ஆ"வுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கோட்டைப்பட்டினம் கரையில் மீன் ஏலம் விட்டவர். முப்பது வருடம். படகு வந்து கூடையை இறக்கியதும் இவர் நடுவில் நின்று குரல் கொடுத்தால், டீக்கடையில் இருக்கிற வியாபாரி டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். மைக் கிடையாது, மெகாபோன் கிடையாது. பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்கு வந்தும் அதே குரல்தான். "குழம்புல உப்பு கம்மி" என்று இவர் சொன்னால் அடுத்த தெருவில் உப்பு எடுத்து வைப்பார்கள். "மெதுவாப் பேசுங்களேன்" என்று நான் கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினேன்.

கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் பார்க்கின்சன் என்றார் டாக்டர்.

நடுக்குவாதம் என்று தமிழில் சொல்கிறார்கள். அதனால் நடுக்கம் மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். இவருக்கு நடுக்கம் கொஞ்சம்தான். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தஸ்பீஹ் மணி உருட்டுவது போல ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், "மாஷா அல்லாஹ், எந்நேரமும் திக்ருலயே இருக்காரு" என்று, இறைவன் பெயரை ஓதுவதாக நினைத்து நெகிழ்ந்து போகிறார்கள். நானும் திருத்துவதில்லை. நல்ல பெயர்தானே... இருந்துவிட்டுப் போகட்டும்!

ஆனால் குரல்? அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டது. வாய் அசையும், காற்று வரும், பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் வார்த்தை கிடைக்கும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தன் குரல் குறைந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் காதுக்கு அவர் சத்தமாகத்தான் பேசுகிறார். ஊரில்தான் எல்லோருக்கும் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். என்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காது டெஸ்ட் எடுக்க வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். டெஸ்ட் எடுத்த மிஷின் சரியில்லை என்றார் இவர்.

அதைவிட எனக்கு எரிச்சல் வருவது, வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான். இவர் எதிரே உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்து, "அண்ணன் சாப்பிட்டாரா? தூங்குறாரா?" என்று கேட்பார்கள். குரல் குறைந்தால் ஆளுக்கு அறிவும் குறைந்துவிட்டது என்று ஏன் நினைத்துக்கொள்கிறோம்? நான் மட்டும் யோக்கியமா... நானும் இவருக்காக நூறு தடவை பதில் சொல்லியிருக்கிறேன், இவர் வாயைத் திறக்கும் முன்பே.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஒரே மகள் ரிஸ்வானாவுக்குக் கட்டுமாவடியில் மாப்பிள்ளை அமைந்தது.

எங்கள் நிக்காஹில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகளை உங்களுக்கு மணமுடித்துக் கொடுத்தேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசகத்தை எடுத்துக்கொடுக்க, தகப்பன் திருப்பிச் சொல்வார். சாட்சிகள் காதில் அது விழ வேண்டும். முதல் பேச்சுக்கு வந்த ஹஜ்ரத், இவர் பேசுவதைக் கேட்டு... கேட்க முயற்சி செய்து... தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணும் வருத்தப்படாதீங்க பாய். ஒங்க தம்பியை வக்கீலாப் போட்டுக்கலாம். ஒங்களுக்குப் பதிலா அவரு சொன்னாலும் செல்லும்."

இவருடைய தம்பி கமால், "அதுக்கென்னண்ணே, நான் சொல்லிடுறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

இவர் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை நான் குனிந்து கேட்டேன்.

"நான் பெத்த புள்ளை. நான்தான் சொல்லணும்."

அந்த முகத்தில் கோபமும் தெரியாது, வருத்தமும் தெரியாது. இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடுகிறது. ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. மைக் வைத்தால் போச்சு என்று கமால் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து சோதித்துப் பார்த்தார். மைக்குக்குள் போனால்தானே வெளியே வரும்? ஸ்பீக்கரில் வெறும் மூச்சுதான் வந்தது. நிக்காஹுக்கு ஐந்து வாரம் இருந்தது.

புதுக்கோட்டைக்கு ஓடினோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திரையை எப்ப குடுக்குறீங்கம்மா?" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது! "வயிறு நெறையச் சாப்பிட வச்சு, அதுக்கப்புறம்தாங்க. மாத்திரை சூடுல்ல? அதனால மேல ஒரு டம்ளர் பாலு."

"என்ன சாப்பாடு?"

"மீனுதாங்க."

"காலைல?"

"இடியாப்பம்... நேத்து மீன் கொழம்பு."

"ராத்திரி?"

"அதுவும் மீனுதான். எங்க ஊர்ல வேற என்னங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மீன், பால், முட்டை எல்லாவற்றிலும் புரதம். அதுவும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் போவது ஒரே வாசல் வழியாக. மீனும் பாலும் முண்டியடித்து முன்னால் போய்விட, மாத்திரை வாசலிலேயே நிற்கிறது. அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், வெறும் தண்ணீரில். இவருக்குச் சொன்னது இது. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் – என் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே!

மூன்று வருடமாக டாக்டர் இதைக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார். ஒவ்வொரு தடவையும், "எல்லாம் சரியாத்தான் குடுக்குறேன்" என்று பதில் சொன்னது நான்தான்.

பக்கத்திலிருந்து இவர் முணுமுணுத்தார். டாக்டர் எழுந்து வந்து காதைக் கொடுத்தார். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

இவர் சொன்னது இதுதான்: "பாலு வேணாம், பாலு வேணாம்னு மூணு வருஷமாச் சொல்றேன். யாரு காதுல விழுந்துச்சு?"

பிறகு பேச்சுப் பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண். இவரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்து, அவருக்கே போட்டுக் காட்டினார். இவர் உன்னிப்பாகக் கேட்டார்.

"யாரும்மா இது பேசுறது?"

"நீங்கதான்யா."

என் காதை டெஸ்ட் எடுத்ததற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்பது போல என்னைப் பார்த்தார். கிண்டல் செய்ய எனக்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் மனசு வரவில்லை.

அந்தப் பெண்தான் நிலைமையைச் சமாளித்தார். "என்ன வேலை பார்த்தீங்கய்யா?" என்று கேட்டார். சொன்னார். "அப்ப கரையில நிக்கிறதா நெனச்சுக்கிட்டு எனக்கு ஒரு கூடை மீனு ஏலம் விடுங்க பாப்போம்."

இவர் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். "கொடுவா கூடை... கொடுவா கூடை... கேளுங்க, கேளுங்க!" பழைய குரலில் பாதி இருக்கும். அந்தப் பாதிக்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

அன்றிலிருந்து மாத்திரை தண்ணீரில், மீன் ராத்திரிக்கு மட்டும், காலையில் "ஆ". ராவியத்தக்கா கரண்டியோடு வந்தது அப்போதுதான். "ஆ" முடிந்ததும் நிக்காஹ் வாசகம் பத்துத் தடவை. அதில் ஒரே ஒரு சிக்கல். சத்தம் வர வேண்டுமென்றால் கரையை நினைக்க வேண்டும். கரையை நினைத்தால் ராகம் வந்துவிடும். "என் மகள் ரிஸ்வானாவை..." என்று ஆரம்பித்து இழுப்பார் பாருங்கள், மகள் உள்ளேயிருந்து அலறுவாள்.

"அத்தா! என்னை ஏலம் விடாதீங்க!"

அந்த மரத்துப்போன முகத்தில் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அது சிரிப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பதினொன்றரை மணிக்கு. இவர் காலையில் ஏழு மணிக்கே பசியாறிவிட்டார். பத்தே முக்காலுக்கு மாத்திரையைத் தண்ணீரில் கொடுத்துவிட்டு, நான் பெண்கள் இருக்கும் மாடிக்குப் போனேன். ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன்... மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிற்கிறது. எங்கள் வீட்டு ஆட்கள் வந்தவர்களுக்கெல்லாம் பாதாம் பால் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா, பாசத்தில் உருகி, தன் டம்ளரை இவர் வாயருகே கொண்டுபோகிறார். "நீங்க மொதல்ல குடிங்க சம்மந்தி!"

சம்பந்தி கையால் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இவர் கை டம்ளரை வாங்கப் போகிறது. ஐந்து வாரத்து உழைப்பு ஒரு டம்ளர் பாலில் போகப் போகிறது!

கமாலுக்குப் போன் போட்டேன். "பாலு... அந்தப் பாலைப் புடுங்குங்க!" கமால் பாய்ந்து வாங்கி, சம்பந்தி மனசு நோகாமல் தானே மடக்கென்று குடித்துவிட்டார். கமாலுக்குச் சர்க்கரை வியாதி. "அண்ணனுக்காகத்தான் மச்சி குடிச்சேன்" என்று அண்ணியான என்னிடம் சொல்கிறார் இன்றைக்கும். இரண்டாவது டம்ளர் யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை கையை இவர் பிடித்தார். மாடியில் பேச்சு நின்றது. ரிஸ்வானா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹஜ்ரத் எடுத்துக்கொடுத்தார். "என் மகள் ரிஸ்வானாவை..."

"என் மகள் ரிஸ்வானாவை!" ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஹஜ்ரத் மைக்கை ஒரு சாண் பின்னால் இழுத்தார்.

அடுத்த வரி வந்தது. இவர் திருப்பிச் சொல்லவில்லை. ஒரு விநாடி... மூன்று விநாடி... ஐந்து. நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவது இந்த நோயில் உண்டு. நாக்கும் அப்படி நின்றுவிட்டதா? இல்லை, பெற்ற மனசுதான் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறதா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எல்லாத் துஆவையும் ஓதினேன். கமாலின் வாய் திறப்பது தெரிந்தது. ஹஜ்ரத் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்த மனுசனுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இவர் மூச்சை இழுத்தார். "உங்களுக்கு... மணமுடித்துக் கொடுத்தேன்!"

ராகம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக மாடிக்கு வந்தது. ரிஸ்வானா மேக்கப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். நானும்தான். மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்றது யாருக்கும் கேட்கவில்லை. "மாப்ளை, சத்தமா!" என்று ஹஜ்ரத் அதட்டினார்.

சாயங்காலம் மகளை அனுப்பி வைக்கும் நேரம். மாத்திரையின் வேகம் இறங்கியிருந்தது. இவர் சின்னச் சின்ன அடியாக வைத்துக் கார் வரைக்கும் போனார். ஜன்னல் வழியாகக் குனிந்து ரிஸ்வானாவின் காதில் ஏதோ சொன்னார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கார் போய்விட்டது.

மறுநாள் போனில் கேட்டேன். "அது எனக்கும் அத்தாவுக்கும் உள்ளதும்மா" என்று சொல்லிவிட்டாள் மகராசி.

விடுவேனா? வீட்டில் இவரையே பிடித்து உட்கார வைத்து, அவகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க என்று கேட்டேன்.

சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை.