அடிக்காமல் போன மணி

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். காலையில் மகளை மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் வருவேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் அலுவலகத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. அவசரம் என்றால் அலுவலகத் தொலைபேசிக்குத்தான் அழைக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் புதிதாக வயர் இழுக்க ஹட்டனிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். தொலைபேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக இழுப்பதா, ஒன்றாக விடுவதா என்று தோட்டத்து மேலாளரான துரை அவரிடம் கேட்டார்.

"ஒரே கேபிள் போதும் சேர். சுவத்துலருந்து போனுக்கு, போன்லருந்து கம்ப்யூட்டருக்கு. இப்ப எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"சரி, கொஞ்ச நாள் போட்டுப் பாப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

பழைய தொலைபேசி இணைப்பும் அவர் சுவரில் மாட்டிய புது இணைப்புப் பெட்டிக்குள் போனது. மேசைக்கடியில் சிக்கிக் கிடந்த வயர்கள் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரமே ஒரு பிற்பகல், அடைமழையில் மின்சாரம் போனது. கணினியில் செய்து முடித்த வேலையெல்லாம் அழிந்துபோயிருக்குமே என்று நாங்கள் நொந்துகொண்டிருந்தோம். தொலைபேசியும் கூடவே அணைந்துபோனது யார் கண்ணிலும் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேல் டிவிஷன் கங்காணி முழங்கால்வரை சேற்றோடு உள்ளே வந்தார்.

"ஏங்க யாருமே போன் எடுக்கல? பிள்ளக் காம்பரா பின்னால மண்ணு சரிஞ்சிருச்சு. பிள்ளைகளப் பாக்குற அக்கா அவங்க செல்லுல அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க."

"இங்க மணியே அடிக்கலங்க," என்றேன்.

"அங்க ரிங் போய்க்கிட்டேதான் இருந்துச்சு."

பிள்ளைகள் எங்கே என்றுகூட நான் கேட்கவில்லை. செருப்பில்லாமல் மழையில் ஏறி ஓடினேன்.

பின்சுவர் பாதி விழுந்திருந்தது. பிள்ளைகள் தூங்கும் பாய்கள்மேல் சேறு ஏறியிருந்தது. அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றேன். பிறகுதான் கோயில் பக்கமிருந்து அழுகுரல்கள் கேட்டன.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அங்கே எல்லாரையும் போர்த்தி உட்காரவைத்திருந்தார். "லொறி அனுப்பச் சொல்லலாம்னு பாத்தேன். யாரும் எடுக்கல. சுவரு வெடிப்பு விடுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்து லயத்து வீட்டு ஆளுகளும் நானுமா தூக்கிட்டு வந்துட்டோம்," என்றார். "ஒம் புள்ள தூங்குது. எழுப்பாத." ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் துரை ஹட்டன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ரெண்டு கேபிள் இழுத்திருந்தா மணி அடிச்சிருக்குமா?"

"இல்ல சேர். தனியா இழுத்தாலும் அந்தப் பெட்டிக்கு கரண்ட் வேணும். கரண்ட் போனா போனும் போயிரும். வெளியிலருந்து கூப்பிடுறவங்களுக்கு மட்டும் ரிங் கேக்கும்."

நானோ இரவெல்லாம் அந்த ஒற்றைக் கேபிளைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு அங்கேயே ஆனது. மேசைத் தொலைபேசிகளும் கணினிகளும் ஒரே கேபிளில் இருக்கும், பெட்டிக்கு பேட்டரி வரும். பழைய இணைப்பை மட்டும் பிரித்து, கரண்ட் தேவைப்படாத பழைய தொலைபேசியிலேயே திரும்பக் கொடுத்து, என் மேசையில் வைத்தார்கள். பிள்ளைக் காம்பரா பள்ளிக்கூடத்து அறை ஒன்றுக்கு மாறியது.

மழை வலுத்தால் இப்போதும் வேலையை நிறுத்திவிட்டு அந்த ரிசீவரைக் காதில் வைத்துப் பார்க்கிறேன், சத்தம் வருகிறதா என்று.