பசியோடு கேட்ட சுதந்திர உரை

1. கைகட்டி நின்றவர்கள்

முந்நூறு தட்டுக் கோழியும் சோறும் சூடு அலுமாரிகளுக்குள் தயாராக இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் முந்நூறு விருந்தினர்கள் கரண்டியும் கையுமாக இருந்தார்கள். இந்தப் பக்கம், பரிமாற வேண்டிய இருபத்தைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லண்டன் ஹொட்டேல் ஒன்றின் விருந்துப் பகுதியில் எனக்கு அது மூன்றாவது வருடம். செஃப் கோபித்துக்கொண்டு போனதையும் மாப்பிள்ளை வராத கலியாணத்தையும் பார்த்திருந்தேன். இப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஜூன் மாதத்து ஞாயிறு மதியம். லண்டனிலிருந்த பிலிப்பைன்ஸ் வர்த்தகர் சங்கம் ஒன்று, தங்கள் நாட்டின் சுதந்திர தின விருந்துக்கு எங்கள் மண்டபத்தை எடுத்திருந்தது. பரிமாற வந்தவர்களில் ஐந்து பேர் போர்த்துக்கேயப் பெடியன்கள், மற்ற இருபது பேரும் பிலிப்பைன்ஸ் பெண்கள். கிழமை நாட்களில் எங்கள் ஹொட்டேலிலேயே அறைகளைத் துப்புரவு செய்பவர்கள். ஞாயிறுகளில் கூடுதல் ஷிப்ட். அவர்களுக்குப் பொறுப்பு டெஸ்ஸி. உயரம் ஐந்தடி இராது. மனேஜர் ஹாரிஸ்கூட அவளோடு பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

நான் போர்ட்டர். மேசை தூக்குவது, கதிரை அடுக்குவது, கொடி கட்டுவது, சூடு அலுமாரியை லிஃப்ட்டில் ஏற்றி மண்டப வாசலுக்குத் தள்ளுவது. எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

2. சிவப்பும் நீலமும்

காலையில் மேடைக்குப் பின்னால் கொடியைக் கட்டினேன். டெஸ்ஸி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"சிவா, யாரோட சண்டை?"

"ஏன்?"

"எங்கட கொடியில சிவப்பு மேல வந்தா யுத்தம் எண்டு அர்த்தம். நீலம் மேல வரவேணும்."

ஏணியில் ஏறி மாற்றிக் கட்டினேன். முந்நூறு பேருக்கு முன்னால் பிலிப்பைன்ஸை யுத்தத்தில் இறக்காமல் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டேன். யுத்தம் சமையலறைப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

3. வீட்டு விசயம்

சங்கத் தலைவர் தன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டு வேலைக்காரியையும் கூட்டி வந்திருந்தார். பெயர் நேனா. டெஸ்ஸியின் சித்தி மகள். மூன்று வருடமாக அவர் வீட்டில் வேலை. பாஸ்போர்ட்டை வந்த அன்றே வாங்கித் தன் அலுமாரிக்குள் பூட்டிவிட்டார். பாதுகாப்புக்காம். ஊரில் தாய் கடும் வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும் என்று நேனா நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை எனக்குச் சொன்னவர் செல்வராசா அண்ணை. மன்னார்க்காரர், சமையலறையில் பாத்திரம் கழுவுபவர். டெஸ்ஸி போகும் அதே மாதா கோயிலுக்குத்தான் பூசைக்குப் போவார்.

விருந்து தொடங்குமுன் டெஸ்ஸி தலைவரிடம் போய்ப் பாஸ்போர்ட்டை மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் சிரித்த முகம் மாறாமல், "இது என்ர வீட்டு விசயம். வெளியாக்கள் தலையிடக் கூடாது" என்றார்.

டெஸ்ஸி திரும்பி வந்து நேனாவைச் சமையலறைக்குள் இருத்தினாள். மற்றவர்களிடம் இரண்டு நிமிடம் தங்கள் மொழியில் பேசினாள். கைகள் கட்டப்பட்டன. போர்த்துக்கேயப் பெடியன்கள் ஐந்து பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

"பாஸ்போர்ட் வரட்டும், கோழி போகும்" என்று தலைவருக்குச் சொல்லியனுப்பினாள்.

அந்த நேரம் ஹாரிஸ் ஓடி வந்தார். "ஏன் சாப்பாடு வரேல்ல?"

டெஸ்ஸி என்னைப் பார்த்தாள். அப்போது அகதியாக ஏற்கச் சொல்லி நான் போட்ட அசைலம் கேஸ் முடியவில்லை. வேலை போனால் ஹவுன்ஸ்லோவில் வாடகைக்கு இருந்த அறையும் போகும். அண்ணை கழுவிய தட்டோடு நின்று, வேண்டாம் என்று கண்ணால் காட்டினார்.

"லிஃப்ட் இறுகிப்போச்சு, சேர். இன்னும் ரெண்டு அலுமாரி கீழ நிக்குது" என்றேன்.

ஹாரிஸ் எஞ்சினியரைத் தேடி ஓடினார். அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "உனக்கே இஞ்ச நிண்டுபிடிக்கப் பேப்பர் இல்லை. நீ மற்றவைக்குப் பேப்பர் எடுத்துக் குடுக்கிறாய்."

4. உரை

தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை. முன் மேசையில் தூதரகத்துப் பெரியவர்கள். டிரைவரை வீட்டுக்கு விரட்டிவிட்டு, "சாப்பாட்டுக்கு முதல் ரெண்டு வார்த்தை" என்று மைக்கைப் பிடித்தார்.

கென்சிங்டனிலிருந்த அவர் வீட்டுக்குப் போய் வர ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடமும் பேசினார்.

முந்நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட ஸ்பெயினில் தொடங்கினார். ஜூன் பன்னிரண்டில் சுதந்திரம் அறிவித்ததும், அதே வருட முடிவில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்கு விற்றதும் வந்தன. "எங்களை விக்கேக்க எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டவங்களா?" என்றார். கைதட்டல். அமெரிக்கா தன் சுதந்திர தினமான ஜூலை நாலையே இவர்களுக்கும் கொடுத்ததைச் சொன்னார். டிரைவர் வரவில்லை. அடுத்துத் தங்கள் நாட்டிலிருந்த அமெரிக்கப் படைத்தளங்களுக்குப் போனார். "எங்கட வீட்டில ஆர் இருக்கிறது எண்டு நாங்கள்தான் தீர்மானிக்க வேணும்!" பலத்த கைதட்டல். அதற்கும் வரவில்லை. கடலில் தங்கள் தீவுகளுக்கு அயல்நாடுகள் உரிமை கேட்பதைச் சொல்லி, தீவு தீவாக இறங்கத் தொடங்கினார். நாடு முழுக்க ஏழாயிரம் தீவு. முன் மேசையில் ஒருவர் பசியில் பாண் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உள்ளே ஸ்பீக்கரில் நேனா கேட்டுக்கொண்டிருந்தாள். "சேர் நல்லாப் பேசுறார்" என்றாள், உண்மையாகவே. "வீட்டில இவ்வளவு கதைக்கமாட்டார்."

டிரைவர் ஒரு கடித உறையோடு பின்வாசலால் வந்தான். டெஸ்ஸி பாஸ்போர்ட்டிலிருந்த படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு நேனாவின் கையில் வைத்து அவள் விரல்களை மூடிவிட்டாள். நேனா அழவில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"எடுங்கோ" என்றாள் டெஸ்ஸி. பன்னிரண்டு நிமிடத்தில் முந்நூறு தட்டும் போயின. கோழி காய்ந்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

5. பிறகு

நேனா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைத் திறந்தால் விசாவில் தலைவரின் பெயர்தான் இருந்தது: அவரிடம் மட்டும் வேலை செய்யலாம். அவரை விட்டால் சட்டத்துக்கு வெளியே. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அவள் உழைப்பில்தான் தாயின் வைத்தியம். போகவில்லை. தாய் அடுத்த தை மாதம் செத்துப்போனார். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விசாச் சட்டம் மாறும்வரை நேனா ஒளித்து ஒளித்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள்.

டெஸ்ஸியை ஹொட்டேல் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் இருபது பேரும் போவார்கள். திங்கள் காலை கட்டில் விரிக்க ஆள் இல்லை. எனக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லிஃப்ட்டில் ஒரு பிழையும் இல்லை என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளங்கள் மூடப்பட்டன. சில வருடத்தில் பிலிப்பைன்ஸ்காரரின் கடலில் சீனா கட்டடம் எழுப்பியது. அமெரிக்கப் படைகள் இம்முறை விருந்தாளிகள் என்ற பெயரில் திரும்பி வர ஒப்பந்தம் எழுதினார்கள்.

அந்த விருந்துக்கு அடுத்த ஜூனிலும் சங்கம் எங்கள் மண்டபத்தைத்தான் எடுத்தது. விருந்தின் விபரமெல்லாம் எழுதிய ஃபங்ஷன் ஷீட்டை ஹாரிஸ் சிரிக்காமல் வாசித்தார். கடைசி வரி: 'பரிமாறுவதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் வேண்டாம்.' அந்தச் சுதந்திர தினத்தைப் போர்த்துக்கேயரும் ஐரிஷ்காரரும் தமிழருமாக நடத்திக் கொடுத்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. எத்தனை பேர், என்ன சாப்பாடு என்பது ஷீட்டின் முதல் வரிகளில் இருக்கும். விருந்து வைப்பவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது அடியில் இருக்கும். அதையும் வாசித்துவிட்டு அலுமாரியைத் தள்ளுங்கள்.